தோர் ஏன் வரவில்லை?

1998-இல் ஒளிபரப்பான ‘ஸ்டார்கேட் எஸ்ஜி-1’ தொடரின் இரண்டாம் சீசனில் ‘தோர்ஸ் சாரியட்’ என்றொரு எபிசோடு உண்டு. சிமேரியா என்ற கோளில் வாழும் எளிய மக்களை கோவாவுல்ட் என்ற பகை இனத்தின் தலைவர்களில் ஒருவனான ஹெரூர் படையோடு வந்து நசுக்குகிறான். அதுவரை அந்தக் கோளைக் காத்துவந்தது, ஆஸ்கார்ட் என்ற பேரினத்தார் அங்கே நிறுவியிருந்த ஒரு பொறி. பூமியிலிருந்து போன எஸ்ஜி-1 குழுவினர் தங்கள் தோழன் டீயல்க்கை மீட்பதற்காக அதை முந்தைய சீசனில் உடைத்துவிட்டார்கள். தாங்கள் செய்த கேட்டுக்குப் பரிகாரம் தேடித்தான் இப்போது திரும்பி வருகிறார்கள். குழுவைச் சேர்ந்த கார்ட்டரும் டேனியலும் ஆஸ்கார்ட் மண்டபத்தில் ஒரு புதிரை விடுவிக்கிறார்கள். சுவரில் பொறித்த குறிகள் ‘பை’ எண்ணைச் சுட்டுகின்றன என்று கண்டுகொண்டு, வட்டத்துக்குள் ஆரம் வரைந்து விடை சொல்கிறார்கள். ஆஸ்கார்ட் இனத்தவரான தோர் தோன்றுகிறார். சற்று நேரத்தில் வானில் அவருடைய கப்பல் வந்து நிற்கிறது. அதிலிருந்து இறங்கும் ஒளி, வீரர்களையும் கலங்களையும் துடைத்தெடுத்துவிடுகிறது.

கண்ணுக்கு நிறைவான காட்சிதான். ஆனால் அந்த நிமிடத்திலிருந்து தொடரின் எழுத்தாளர்கள் தலையில் ஒரு சுமை ஏறிவிட்டது. இனிமேல் பூமிக்கு எந்த ஆபத்து வந்தாலும் பார்வையாளர் மனத்தில் முதலில் எழும் கேள்வி, தோரைக் கூப்பிட்டால் என்ன என்பதுதான். பத்து சீசன்கள், 214 எபிசோடுகள் ஓடிய தொடர் அது. ஒரு எபிசோடின் முடிவை இவ்வளவு சுலபமாக எழுதியதற்கு அடுத்த ஒன்பது ஆண்டுகளும் விடை சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. அந்த விடைகளில் சில மிகச் சிறந்தவை, சில ஒப்பேற்றியவை. இரண்டையும் பிரித்துப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

இந்தச் சிக்கல் தொலைக்காட்சியோடு பிறந்ததல்ல. கிரேக்க நாடக மேடையில் பாரந்தூக்கி ஒன்றின் மூலம் தெய்வத்தை இறக்கி, அவிழாத முடிச்சையெல்லாம் அவிழ்த்துவிடும் வழக்கம் இருந்தது. கி.மு. 431-இல் அரங்கேறிய யூரிப்பிடீஸின் ‘மீடியா’ நாடகத்தின் கடைசியில், தன் பாட்டனாரான சூரியதேவன் அனுப்பிய தேரில் ஏறி மீடியா தப்பிப் போகிறாள். கதையின் முடிச்சு கதைக்குள்ளிருந்தே அவிழ வேண்டும், பொறியின் துணையால் அவிழக் கூடாது என்று தன் கவிதையியலில் எழுதிய அரிஸ்டாட்டில், அதற்கு எடுத்துக்காட்டாகக் காட்டியதே இந்த நாடகத்தைத்தான். ஆனால் நாடகம் அன்றோடு முடிந்துவிடும். தெய்வம் இறங்கிவந்து மீட்டதற்கு மறுநாள் யாரும் கணக்குக் கேட்பதில்லை. திரைப்படத்துக்கும் ஏறத்தாழ அந்தச் சலுகை உண்டு. வாரத் தொடருக்கு இல்லை. போன வாரம் வந்த தெய்வம் இந்த வாரம் எங்கே என்று பார்வையாளர் கேட்பார். அவர் நினைவாற்றல் எழுத்தாளரின் நினைவாற்றலைவிடக் கூர்மையானது.

இந்தக் கேள்விக்கு எழுத்தாளர்கள் எடுத்துக்கொள்ளும் எளிய வழி, நண்பரை ஒரு விதியால் கட்டிப்போடுவது. அவரால் முடியும், ஆனால் சட்டம் தடுக்கிறது. தலையிடாமைக் கொள்கை, ஒப்பந்தம், மேலுலகச் சபையின் தீர்ப்பு என்று இதற்குப் பல வடிவங்கள். என் பார்வையில் இது மிக வலுவற்ற விடை. உதவ முடிந்தவர் உதவவில்லை என்றால் பார்வையாளரின் மனம் அவர்மேல் கோபம் கொள்ளும், அல்லது அந்த விதியை வகுத்த எழுத்தாளர்மேல் கோபம் கொள்ளும். நண்பருக்கே ஒரு குறை இருந்து, அந்தக் குறையை நம் பக்கத்து எளிய மனிதர்கள்தான் தீர்க்க முடியும் என்ற நிலையை உருவாக்குவது இதைவிடக் கடினம், ஆனால் பல மடங்கு பலன் தருவது.

விதி எல்லா இடத்திலும் சோடை போனதென்று சொல்லிவிட முடியாது. ‘ஸ்டார் ட்ரெக்’ முதல் தொடரில் ஜீன் கூன் எழுதி 1967-இல் வந்த ‘எரண்ட் ஆஃப் மெர்சி’ நல்ல உதாரணம். ஆர்கேனியா என்ற கோளில் கிழவர்கள் கூடி அமைதியாக வாழ்கிறார்கள். கிளிங்கான்கள் அதைப் பிடித்துவிடுவார்களே என்று கேப்டன் கிர்க் பதறுகிறார், போராடச் சொல்லி அவர்களைத் தூண்டுகிறார். இரு தரப்பும் மோதும் தறுவாயில் அந்தக் கிழவர்கள் எல்லார் கையிலும் உள்ள ஆயுதங்களைத் தொட முடியாதபடி சூடாக்கிப் போரை நிறுத்திவிடுகிறார்கள். இங்கே மீட்பு நாயகனைக் காப்பாற்றவில்லை, வெட்கப்பட வைக்கிறது. போரிடும் உரிமைக்காக எதிரியோடு சேர்ந்து தானும் வாதாடியதைக் கிர்க் உணரும் இடத்தில்தான் கதை முடிகிறது. ஆர்கேனியர் திணித்த ஒப்பந்தத்தையும் எழுத்தாளர்கள் வீணாக்கவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் வந்த ‘தி ட்ரபிள் வித் ட்ரிபிள்ஸ்’ எபிசோடில், ஷெர்மன் கோள் யாருக்குச் சேரும் என்ற போட்டிக்கே அந்த ஒப்பந்தம்தான் அடிப்படை. கோளை யார் திறமையாக வளர்க்கிறார்களோ அவர்களுக்கே அது உரியது. போர் தடைபட்ட இடத்தில் தானியக் கிடங்கும் உளவும் கதையாகின்றன.

ஸ்டார்கேட்டுக்குத் திரும்புவோம். 1999-இல் வந்த ‘ஃபேர் கேம்’ எபிசோடில் தோர் எஸ்ஜி-1 குழுவின் தலைவர் ஓ’நீலிடம் வந்து, கோவாவுல்ட் தலைவர்கள் பூமியைத் தாக்கப்போகிறார்கள் என்று எச்சரிக்கிறார். பாதுகாக்கப்பட்ட கோள்களின் ஒப்பந்தத்தில் பூமியையும் சேர்க்கப் பேச்சுவார்த்தைக்கு ஏற்பாடு செய்கிறார். குரோனஸ், யூ, நிர்ட்டி என்ற மூன்று தலைவர்கள் பூமியின் நிலவறைத் தளத்துக்கே வருகிறார்கள். அப்போதுதான் தோர் உண்மையைச் சொல்கிறார். ஆஸ்கார்டுகளின் சொந்த விண்மீன் மண்டலத்தில் கோவாவுல்டைவிடக் கொடிய பகை ஒன்று அவர்களைத் தின்றுகொண்டிருக்கிறது. இங்கே போரிடக் கப்பல் இல்லை. ஒப்பந்தம் முழுக்க முழுக்க வெற்று மிரட்டல். எதிரி அதை நம்பும் வரைக்கும்தான் பூமிக்குப் பாதுகாப்பு.

இந்த ஒரு தகவல் செய்த வேலையைக் கவனிக்க வேண்டும். நேற்றுவரை எல்லாம் வல்லவராக இருந்தவர் இன்று, தனக்கு ஆள் பற்றாக்குறை என்பதை மறைத்துப் பேரம் பேசுகிறார். அவர் கொடுத்த பாதுகாப்பே ஒரு ரகசியமாகிவிட்டது, அதைக் கட்டிக்காக்கும் பொறுப்பு பூமிக்கும் வந்துவிட்டது. கூப்பிட்டால் வருவார் என்ற நம்பிக்கை போய், கூப்பிட்டு அவர் வராமல் போனால் குட்டு வெளிப்பட்டுவிடுமே என்ற அச்சம் அந்த இடத்தில் வந்து உட்கார்கிறது.

ஆனால் இதே ஒப்பந்தத்தைப் பின்னாளில் சாக்காகவும் பயன்படுத்தினார்கள். ஐந்தாம் சீசனின் ‘ஃபெயில் சேஃப்’ எபிசோடில் பூமியை நோக்கி ஒரு சிறுகோள் வருகிறது. ஆஸ்கார்டுகளிடம் கேட்டால், இயற்கைப் பேரிடரில் தலையிட ஒப்பந்தம் இடம் தராது என்று பதில் வருகிறது. சிறுகோளை ‘ஹைப்பர்ஸ்பேஸ்’ என்ற மிகைவெளிக்குள் இழுத்துப் பூமியினூடே கடத்திவிடும் கார்ட்டரின் யோசனை விறுவிறுப்பானதுதான். இருந்தாலும் அந்தப் பதில் சட்டப்பிரிவைத் தேடி எடுத்து வாசித்ததுபோலத்தான் ஒலிக்கிறது. அதே சீசனின் ‘ரெட் ஸ்கை’ இன்னும் தடுமாறுகிறது. குழுவினரின் தவறால் ஒரு கோளின் சூரியன் சாகத் தொடங்குகிறது, உதவ மாட்டோம் என்கிறது ஆஸ்கார்ட் சபை. கடைசியில் சூரியன் சரியாகிவிடுகிறது. யார் சரிசெய்தது என்பது தெளிவாகச் சொல்லப்படவில்லை, ஆஸ்கார்டுகளே ரகசியமாகச் செய்திருக்கலாம் என்ற குறிப்பு மட்டும் இருக்கிறது. மறுத்த உதவியைத் திரைக்குப் பின்னால் கொடுத்துவிட்டால், மறுத்ததன் கனமும் போய்விடுகிறது, கொடுத்ததன் கனமும் போய்விடுகிறது.

இந்தத் தொடர் இச்சிக்கலை உண்மையிலேயே வென்ற இடம், ராபர்ட் கூப்பர் எழுதி 2000-இல் அடுத்தடுத்து வந்த இரண்டு எபிசோடுகள். மூன்றாம் சீசனின் கடைசி எபிசோடான ‘நெமிசிஸ்’ தொடங்கும்போது தோரின் கப்பல் பூமிக்கு மேலே நிற்கிறது. தோர் சாகக் கிடக்கிறார். கப்பல் முழுக்கச் சிலந்தி வடிவ எந்திரங்கள் ஊர்கின்றன. ரெப்ளிகேட்டர் எனப்படும் இவை கிடைத்த உலோகத்தையும் நுட்பத்தையும் தின்று தம்மைத் தாமே பெருக்கிக்கொள்பவை. ஆஸ்கார்டுகள் சொன்ன கொடிய பகை இதுதான். இவை பூமியில் இறங்கினால் எல்லாம் முடிந்தது. தோர் ஓ’நீலை மேலே அழைத்தது உதவி கொடுக்க அல்ல, உதவி கேட்க.

இங்கே ஒரு நுட்பம் வைத்தார் கூப்பர். ஆற்றல் ஆயுதங்களை ரெப்ளிகேட்டர்கள் உறிஞ்சிக்கொள்கின்றன, அதனால் ஆஸ்கார்டின் உயர்ந்த படைக்கலன்கள் பயன்படவில்லை. சாதாரணத் துப்பாக்கிக் குண்டு பட்டால் அவை சிறுசிறு கட்டிகளாகச் சிதறிப்போகின்றன. பூமியின் பழைய பொறியான துப்பாக்கி, விண்மீன் மண்டலங்களைக் கடக்கும் இனத்துக்குக் கைகொடுக்கிறது. நான்காம் சீசனைத் தொடங்கிவைத்த ‘ஸ்மால் விக்டரீஸ்’ இதை இன்னும் ஆழமாக எடுத்துச் செல்கிறது. ஓ’நீலும் டீயல்க்கும் ஒரு ரஷ்ய நீர்மூழ்கியில் புகுந்துவிட்ட ரெப்ளிகேட்டர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது, தோர் கார்ட்டரைத் தன்னோடு அழைத்துப் போகிறார். கரியும் கந்தகமும் வெடியுப்பும் கலந்த தூளைப் பற்றவைத்து இரும்புத் துண்டை எறியும் ஆயுதத்தை ஆஸ்கார்ட் மூளை ஒருபோதும் யோசித்திருக்காது என்பது தோர் தரும் விளக்கம். கார்ட்டருக்கு அது புரிந்துவிடுகிறது: உங்களைவிட அறிவு குறைந்த ஒருவர் தேவைப்படுகிறது, அவ்வளவுதானே?

அவர் சொல்லும் யோசனையும் அப்படிப்பட்டதே. ரெப்ளிகேட்டர்களை எதிர்ப்பதற்கென்றே ஆஸ்கார்டுகள் புதிதாக ஒரு கப்பல் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களிடம் உள்ளவற்றிலேயே மிக மேம்பட்டது அது, ‘ஓ’நீல்’ என்று அதற்குப் பெயரும் வைத்திருக்கிறார்கள். உயர்ந்த நுட்பம் எங்கே இருக்கிறதோ அங்கே ரெப்ளிகேட்டர்கள் பாயும் அல்லவா? அந்தக் கப்பலையே தூண்டிலாக்கி, துரத்திவரும் மூன்று கப்பல்களையும் மிகைவெளிக்குள் இழுத்துப்போய், அங்கே அதை வெடிக்கச் செய்துவிடலாம் என்கிறார் கார்ட்டர். தங்கள் சிறந்த படைப்பைத் தாங்களே அழிக்கும் எண்ணம் ஆஸ்கார்டுகளுக்குத் தோன்றவே தோன்றாது. அந்தக் கப்பல் வெடிக்கும்போது, எல்லாம் வல்ல நண்பர் என்ற பாத்திரமும் முடிவுக்கு வருகிறது. அதற்குப்பின் தோர், குறைகள் கொண்ட, நேசிக்கத் தக்க ஒரு துணைவர். பொம்மலாட்டப் பாவையாகப் பெரும்பாலும் இயக்கப்பட்ட அந்தச் சாம்பல் நிறச் சின்ன உருவத்துக்கு, டேனியலாக நடித்த மைக்கேல் ஷாங்க்ஸே குரல் கொடுத்தார். அடித்தொண்டையிலிருந்து வரும் அந்தப் பொறுமையான குரலில் களைப்பும் தெரிகிறது என்பதை இந்த எபிசோடுகளுக்குப் பிறகுதான் நம் காது கவனிக்கிறது.

இந்த இடத்தில் நமக்குப் பழக்கமான ஒரு கதையை நினைக்காமல் இருக்க முடியவில்லை. துவாரகையில் கண்ணன் தூங்கிக்கொண்டிருக்க, துரியோதனன் தலைமாட்டிலும் அர்ஜுனன் கால்மாட்டிலும் காத்திருக்கிறார்கள். ஒரு பக்கம் நாராயணி சேனை, இன்னொரு பக்கம் ஆயுதம் எடுக்காத கண்ணன். அர்ஜுனன் கண்ணனைக் கேட்கிறான். பதினெட்டு நாள் போரையும் ஒரு நொடியில் முடிக்கக்கூடியவனைக் கதை முழுக்க அருகிலேயே வைத்துக்கொண்டு, போரின் கனத்தைக் குறையாமல் காப்பாற்றிய ஏற்பாடு இது. கண்ணனைக் கட்டுவது யாரோ போட்ட சட்டம் இல்லை, அவனே கொடுத்த வாக்கு. அதனால்தான் பீஷ்மரின் அம்புமழை தாங்காமல் ஒரு கட்டத்தில் அவன் தேரிலிருந்து குதித்து ஓடும்போதும், அர்ஜுனன் காலைப் பிடித்துக்கொண்டு தடுக்கும்போதும், கேட்பவர் நெஞ்சு பதறுகிறது. வாக்கு உடையுமோ என்ற பதற்றம் அது. விதி உடைந்தால் கதையில் ஓட்டை விழும், வாக்கு உடைந்தால் ஒரு மனிதரின் அகம் தெரியும்.

ஸ்டார்கேட் இந்த ஆழத்தைத் தொட்ட எபிசோடு என்றால், பிராட் ரைட் எழுதி 2002-இல் வந்த ‘அபிஸ்’தான். டேனியல் அதற்கு முந்தைய சீசனில் உடல் நீத்து மேல்நிலைக்குப் போய்விட்டார். தூய ஆற்றலாக வாழும் அந்த நிலையில் இருப்பவர்கள் கீழுலக விவகாரங்களில் கைவைக்கக் கூடாது. இந்த எபிசோடில் ஓ’நீல், பால் என்ற கோவாவுல்டின் சிறையில் அகப்பட்டுக்கொள்கிறார். பால் அவரைச் சித்திரவதை செய்து கொல்கிறான், உயிர்ப்பிக்கும் பேழையில் இட்டு எழுப்புகிறான், மறுபடியும் கொல்கிறான். சிறைக்குள் டேனியல் வந்து உட்கார்ந்து பேசுகிறார். சிறையை உடை என்கிறார் ஓ’நீல். டேனியல் மறுக்கிறார். தன்னைப்போல மேல்நிலைக்கு வந்துவிடும்படி அழைக்கிறார், அதற்கு உதவத் தயாராக இருக்கிறார். ஓ’நீலுக்கு அது வேண்டாம்.

பல நிமிடங்கள் அந்த இருவரும் ஒரு சிறைக்குள் பேசிக்கொண்டே இருப்பதுதான் காட்சி. எல்லாம் செய்ய முடிந்த நண்பர், ஒன்றும் செய்யாமல் பக்கத்தில் இருக்கிறார். ஒன்றும் செய்யாததற்காக நண்பனின் ஏச்சையும் வாங்கிக்கொள்கிறார். விதி இங்கேயும் இருக்கிறது, ஆனால் அந்த விதி டேனியலை என்ன பாடுபடுத்துகிறது என்பது அவர் முகத்தில் தெரிகிறது. விடுதலைக்கு வழியோ வேறொரு பக்கத்திலிருந்து வருகிறது. பூமியில் டீயல்க்கும், குழுவின் புதிய உறுப்பினர் ஜோனஸும் மண்டையை உடைத்துக்கொண்டு யோசித்து, பாலின் ரகசியத் தளம் பற்றிய செய்தியை அவனுடைய போட்டியாளன் யூவுக்குக் கசியவிடுகிறார்கள். யூ படையெடுக்கிறான். அந்தக் குழப்பத்தில் ஓ’நீல் தானே தப்பி வருகிறார். மீட்டது மனிதர்களின் அரசியல் சாமர்த்தியம். டேனியல் கொடுத்தது, அதுவரை ஓ’நீல் மனம் உடையாமல் இருக்கத் தேவையான துணையிருப்பு.

ஒப்பிட்டுப் பார்க்க 2005-இல் வந்த ‘த்ரெட்ஸ்’ இருக்கிறது. பல ஆண்டுகளாக வளர்த்த வில்லனான அனூபிஸை, மேல்நிலையில் இருக்கும் ஓமா என்பவள் எழுந்து முடிவில்லாப் போரில் பிடித்துவைத்துக்கொள்கிறாள். அத்தோடு அவன் கதை தீர்ந்தது. அனூபிஸை மேல்நிலைக்கு ஏற்றியது அவள் செய்த பிழை, அதற்கு அவளே பிராயச்சித்தம் செய்கிறாள் என்பதால் இதில் நியாயம் இல்லாமல் இல்லை. அவளை அந்த முடிவுக்குத் தள்ளியதில் டேனியலின் பேச்சுக்கும் பங்குண்டு. ஆனாலும் வீழ்ந்தவனோடு மூன்று சீசன் போரிட்டவர்களில் டேனியலைத் தவிர யாரும் அந்த இடத்தில் இல்லை. இது ஓமாவின் கதைக்கு நல்ல முடிவு, எஸ்ஜி-1 குழுவின் கதைக்கு ஏமாற்றம்.

இதே காலத்தில் வந்த ‘பாபிலோன் 5’ வேறொரு பாதையில் போனது. அதன் 110 எபிசோடுகளில் 92-ஐ ஜே. மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கி ஒருவரே எழுதினார். அதனால் எந்த உதவிக்கு எங்கே விலை கொடுப்பது என்று முன்கூட்டித் திட்டமிட அவரால் முடிந்தது. வோர்லான் என்ற பேராற்றல் இனத்தின் தூதர் காஷ், பேசினால் புதிராகப் பேசுவார், பெரும்பாலும் பேசவே மாட்டார். 1996-இல் வந்த ‘இன்டர்லூட்ஸ் அண்ட் எக்ஸாமினேஷன்ஸ்’ எபிசோடில் கேப்டன் ஷெரிடன் அவரை நடைக்கூடத்தில் வழிமறிக்கிறார். நிழல்கள் எனப்படும் எதிரியை ஒரு முறையாவது தோற்கடித்துக் காட்டினால்தான் மற்ற இனங்கள் கூட்டணிக்கு வரும், உங்கள் கப்பல்களை அனுப்புங்கள் என்கிறார். காஷ் கோபத்தில் அவரைத் தூக்கி எறிகிறார். ஷெரிடன் எழுந்து மறுபடியும் கேட்கிறார். காஷ் கடைசியில் இணங்குகிறார். ஷெரிடன் பின்னால் நிழல்களின் கோளுக்குப் போகும்போது தான் உடனிருக்க முடியாது என்று மட்டும் சொல்கிறார்.

வோர்லான்கள் வந்து வெல்கிறார்கள். அன்றிரவே நிழல்கள் பழிவாங்கக் காஷைத் தேடி வந்து கொல்கின்றன. சாகும் தறுவாயில் காஷ், ஷெரிடனின் கனவில் அவருடைய தந்தையின் உருவில் வந்து பேசுகிறார். அவர் ஏன் அவ்வளவு தயங்கினார் என்பது அப்போதுதான் ஷெரிடனுக்கு விளங்குகிறது. மீட்பு நடந்தது, அதைக் கேட்டவர் இதற்கு யார் உயிரைக் கொடுக்கிறோம் என்று தெரியாமலேயே கேட்டிருந்தார். வெற்றிக் காட்சியையும் இழப்பையும் ஒரே எபிசோடில் இவ்வளவு இறுக்கமாகக் கட்டியதை வேறு தொடர்களில் நான் அதிகம் பார்த்ததில்லை.

அதே சீசனில் வந்த ‘செவர்ட் ட்ரீம்ஸ்’ என்ற எபிசோடு 1997-இல் ஹியூகோ விருது பெற்றது. பூமியின் சர்வாதிகார அரசிலிருந்து பாபிலோன் 5 விண்நிலையம் பிரிந்துவிடுகிறது, பூமிப் படை தாக்குகிறது. முதல் அலையை எத்தனையோ உயிர்களைக் கொடுத்து எதிர்த்து நிற்கிறார்கள். இரண்டாம் அலை வரும்போது இவர்களிடம் ஒன்றுமில்லை. அந்த நேரத்தில் மின்பாரி இனத்தின் தூதர் டெலென் தன் இனத்தின் கப்பல்களோடு வந்து ஷெரிடனுக்கு முன்னால் நிற்கிறாள், எதிரி பின்வாங்குகிறான். கடைசி நிமிடத்தில் வல்லமை மிக்க நட்பு வந்து காப்பாற்றுவதுதான் இதுவும். பிறகு ஏன் நெருடவில்லை? அதே எபிசோடின் முற்பகுதியில் டெலென் தன் நாட்டின் ஆட்சிச் சபை முன் போய் நின்று, பேசிப் பயனில்லாமல் ஆயிரமாண்டுப் பழமையான அந்தச் சபையையே உடைத்துவிட்டு வருகிறாள். அந்தக் கப்பல்கள் எங்கிருந்து வந்தன, அதற்கு என்ன உடைந்தது என்று நமக்கு ஏற்கெனவே தெரியும். ஷெரிடனுக்குத்தான் அது வியப்பு. பார்வையாளருக்கு முன்னறிவும் பாத்திரத்துக்கு வியப்பும் என்று ஸ்ட்ராசின்ஸ்கி பிரித்துக்கொடுத்த இந்தப் பங்கீடு, எழுதப் பழகுபவர்கள் வரிவரியாகப் படிக்க வேண்டிய ஒன்று.

1997-இன் ‘இன்டு தி ஃபயர்’ எபிசோடில் ஷெரிடனும் டெலெனும் வோர்லான், நிழல்கள் இருவரையுமே மறுத்து, எங்கள் மண்டலத்தைவிட்டுப் போய்விடுங்கள் என்கிறார்கள். இரண்டு இனங்களும் போய்விடுகின்றன. அந்த சீசனின் பிற்பாதியில் நடக்கும் பூமியின் உள்நாட்டுப் போரில் கூப்பிடுவதற்கு எந்த வோர்லானும் இல்லை. பேச்சால் முடிந்துபோன அந்தப் பெரும்போர் பலருக்கு ஏமாற்றம் தந்தது. எனக்கு அதில் குறை தெரியவில்லை. போர் முடிந்தவிதத்தைவிட, அதற்குப் பின் தொடரில் மிச்சமிருந்தவர்கள் யார் என்பதே முக்கியம்.

இரண்டு பக்கமும் வாதாட இடம் தருவது ‘ஸ்டார் ட்ரெக்: டீப் ஸ்பேஸ் நைன்’ தொடரின் ‘சாக்ரிஃபைஸ் ஆஃப் ஏஞ்சல்ஸ்’. 1997 நவம்பரில் வந்தது. டொமினியன் படையின் 2,800 கப்பல்கள் விண்துளை வழியே வருகின்றன. கேப்டன் சிஸ்கோ ஒற்றைக் கப்பலோடு அவற்றை எதிர்கொள்ள உள்ளே போகிறார். விண்துளையில் வாழும், பஜோர் மக்கள் தெய்வங்களாக வணங்கும் உயிர்கள் அவரைத் தம்மிடம் இழுத்துக்கொள்கின்றன. சாகப்போகிறாய் என்கின்றன. அப்படியானால் பஜோரைக் காப்பாற்றுங்கள், தெய்வங்கள் என்றால் தெய்வங்களாக நடந்துகொள்ளுங்கள் என்று சிஸ்கோ சண்டையே போடுகிறார். 2,800 கப்பல்களும் மறைந்துவிடுகின்றன.

பல வாரங்களாக மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்த போர் இப்படி முடிவதா என்ற கோபம் நியாயமானதே. எதிர்த்தரப்புக்கும் சொல்ல உண்டு. அந்த உயிர்களோடு சிஸ்கோவின் உறவு 1993-இன் முதல் எபிசோடிலேயே தொடங்கியது. உதவிக்குக் கைம்மாறாக, பஜோரில் அவருக்கு ஓய்வு கிடைக்காது என்று அவை உதவும்போதே சொல்லிவிடுகின்றன. 1999-இன் கடைசி எபிசோடில் அவர் மனைவியையும் மகனையும் விட்டுப் பிரியும்போது அந்தக் கடன் தீர்கிறது. போரும் அன்றே முடிந்துவிடவில்லை. எதிரிக்கு மறுபக்கத்திலிருந்து வரவேண்டிய துணைப்படை மட்டும் நின்றுபோகிறது, ஏற்கெனவே இந்தப் பக்கம் வந்துவிட்ட எதிரியோடு ஏறத்தாழ இரண்டு சீசன்கள் போரிட வேண்டியிருக்கிறது. ஆறாம் சீசனின் முடிவில் விண்துளையே மூடி, தெய்வங்களின் தொடர்பு அற்றுப்போகிறது. இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால், எழுத்தாளர்கள் இந்த மீட்பின் ஆபத்தை முழுக்க உணர்ந்தே எழுதினார்கள் என்று நினைக்கிறேன். ஆனாலும் விலை கேட்பது அப்போது, செலுத்துவது ஒன்றரை ஆண்டுக்குப் பிறகு. அந்த இடைவெளி கொஞ்சம் நீளம்.

விலையை உடனடியாக வசூலித்த பழைய உதாரணம் ‘டாக்டர் ஹூ’வின் ‘தி வார் கேம்ஸ்’. டெரன்ஸ் டிக்ஸும் மால்கம் ஹல்க்கும் எழுத, 1969-இல் பத்து எபிசோடுகளாக வந்தது. பல காலங்களிலிருந்து கடத்திக் கொண்டுவரப்பட்ட போர்வீரர்களை அவரவர் காலத்துக்குத் திருப்பி அனுப்ப டாக்டரால் முடியவில்லை. தன் சொந்த இனத்தைக் கூப்பிடுகிறார். கால பிரபுக்கள் என்ற அந்த இனத்தின் பெயரே தொடரில் அப்போதுதான் முதன்முதலாக வருகிறது, ஆறு ஆண்டுகள் ஓடிய பிறகு. கூப்பிட்டுவிட்டு, அவர்கள் வருமுன் டாக்டர் தப்பி ஓடப் பார்க்கிறார். உதவிக்கு அழைத்தவரே அஞ்சி ஓடுகிறார் என்பதைப் பார்த்ததும் நமக்கு அடிவயிறு கலங்குகிறது. அவர்கள் வீரர்களைத் திருப்பி அனுப்புகிறார்கள், டாக்டரைப் பிடித்து விசாரிக்கிறார்கள், முகத்தை மாற்றிப் பூமிக்கு நாடுகடத்துகிறார்கள். அவருடைய துணைவர்களான ஜேமிக்கும் ஸோயிக்கும் அவரோடு போன முதல் பயணத்தைத் தவிர மற்ற நினைவெல்லாம் அழிக்கப்படுகிறது. 2005-இல் தொடரை மீட்டெடுத்த ரஸல் டி டேவிஸ், கால பிரபுக்கள் அனைவரும் ஒரு பெரும்போரில் அழிந்துவிட்டார்கள் என்று தொடங்கினார். கூப்பிட ஆளே இல்லாமல் செய்துவிட்ட அந்த முடிவில், நாயகனின் தனிமையும் சேர்ந்து கிடைத்தது.

ஸ்டார்கேட்டின் ஆஸ்கார்டுகளுக்கும் 2007-இன் கடைசி எபிசோடான ‘அன்எண்டிங்’கில் அழிவு வருகிறது. தலைமுறை தலைமுறையாக நகலெடுத்தே வாழ்ந்த இனம், அந்த நகல்கள் சிதைந்துபோனதால் முடிவைத் தானே தேடிக்கொள்கிறது. போகுமுன் தங்கள் அறிவு முழுவதையும் பூமியின் ‘ஒடிசி’ கப்பலில் ஏற்றிக் கொடுக்கிறார்கள். அந்தக் கொடையை எதிரிக் கப்பல்கள் மோப்பம் பிடித்துத் துரத்துகின்றன. கப்பலில் இருந்தவர்கள் காலத்தை உறையவைத்து, ஐம்பது ஆண்டுகள் அதற்குள்ளேயே அடைபட்டு வழி தேடுகிறார்கள். பேருதவி ஒன்று கிடைத்த அடுத்த நிமிடமே அதைப் பேராபத்தாக மாற்றிய இந்த எழுத்து எனக்கு மிகவும் பிடித்தது.

தமிழில் இப்போது இணையத் தொடர்கள் பெருகுகின்றன. அறிவியல் புனைவுக்கும் அதில் இடம் வரும். அப்படி எழுத உட்காருகிறவர்களுக்கும், இந்தக் கலையை நெருங்கிப் பார்க்க விரும்பும் வாசகர்களுக்கும் ஒரு பரிந்துரை. ஸ்டார்கேட்டை முழுக்கப் பார்க்க நேரமில்லையென்றால் ‘ஃபேர் கேம்’, ‘நெமிசிஸ்’, ‘ஸ்மால் விக்டரீஸ்’, ‘அபிஸ்’ ஆகிய நான்கையும் இந்த வரிசையில் பாருங்கள். மொத்தம் மூன்று மணி நேரம்கூட ஆகாது. அதன்பிறகு ‘செவர்ட் ட்ரீம்ஸ்’ பாருங்கள். அதைமட்டும் தனியாகப் பார்க்காமல், அந்த சீசனைத் தொடக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டு வந்து சேர்வது நல்லது.